சீரகச் சம்பாவா, பாஸ்மதியா?

போன வாரம் திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட்டு வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அரிசிக் கடையில் இரண்டிலும் அரைக் கிலோ வாங்கி ஆக்கிப் பார்த்தேன்.

ருசி: பாஸ்மதி மூடியைத் திறந்ததும் மணக்கும்; ஆனால் மசாலா மேலோடு நின்றுவிடும். சீரகச் சம்பா குட்டி மணி, கறிச்சாற்றை அப்படியே உள்வாங்கும். மறுநாள் காலை சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். முந்தின நாளைவிட ருசி!

பக்குவம்: பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் பதம் வேகவைத்து, வடித்துத் தம் போட்டால் உதிரியாக வரும். சம்பாவில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குழைந்துவிடும். ஊறிய அரிசி 1 பங்குக்குத் தண்ணீர் ஒன்றரைப் பங்கு போதும்.

விலை: எங்கள் கடையில் பெரிய வித்தியாசமில்லை.

ஹைதராபாத் பாணிக்கும் புலாவுக்கும் பாஸ்மதி சரி. ஆட்டுக்கறி பிரியாணி என்றால் எனக்குச் சீரகச் சம்பாதான். பழைய அரிசியாகக் கேட்டு வாங்குங்கள்.