ஹாப்புக்கு நாலு ஸ்டார், அரவைக்கு ஒன்று

வீட்டிலேயே பீர் செய்யப் போன மாதம் ஒரு ஆன்லைன் கடையிலிருந்து முழுத் தானிய 'அமெரிக்கன் பேல் ஏல்' கிட் ஒன்றை 48 டாலர் கொடுத்து வாங்கினேன். 5 கேலனுக்கானது, ஏறக்குறைய 19 லிட்டர். வழக்கமாகச் சரக்கைத் தனித்தனியாக வாங்குகிறவன் நான். இந்த முறை சோம்பேறித்தனம். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கிட் வாங்கினாலும் பார்க்க வேண்டியவைதான் இவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாப், அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ, அருமை. மேக்னம், சென்டெனியல், காஸ்கேட் என்று மூன்று ரகம். தானியத்தை ஊறவைத்து வடித்த சாற்றின் கொதி ஆரம்பத்தில் கசப்புக்கு அரை அவுன்ஸ் மேக்னம், கடைசிப் பத்து நிமிஷத்துக்கு சென்டெனியல், அடுப்பை அணைத்த பிறகு காஸ்கேட், நொதித்தபின் ஊறப்போட இன்னும் 2 அவுன்ஸ் காஸ்கேட். எல்லாம் காற்றுப் புகாத ஃபாயில் பையில், அறுவடை வருஷம் அச்சிட்டு வந்தன. பையைக் கத்தரித்ததும் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை சமையலறை முழுக்க. காஸ்கேட் எங்கள் ஆரிகன் பிள்ளை. கோர்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்டார்கள். 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் தொடங்கிய சியரா நெவாடா பீர் ஆலை அதை வைத்துச் செய்த பேல் ஏல்தான் இந்த வகைக்கே இலக்கணமாகிப் போனது. கிட்டில் வந்த யுஎஸ்-05 ஈஸ்ட்டும் அந்தச் சிக்கோ வம்சம் என்றுதான் சொல்வார்கள்.

இனி அரவை. பத்து பவுண்டு பேல் மால்ட், முக்கால் பவுண்டு கிரிஸ்டல் மால்ட், இரண்டும் அரைத்தே வந்தன. மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி, அது நொய் மாதிரி உடைந்திருக்க வேண்டும். உமி மட்டும் கிழியாமல் இருந்தால் அதுவே வடிகட்டியாக நிற்கும். ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். மூன்றில் ஒன்று அப்படியே முழுசாகக் கிடந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் சூடாகிவிட்டதே என்று அதிலேயே கொட்டிவிட்டேன்.

67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறல். வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. அந்தச் சூட்டில்தான் தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. ஆனால் உடையாத மணிக்குள் தண்ணீர் எப்படி இறங்கும்? வடித்து, ஆறவைத்து, சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.033 (தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக்கூட எண் ஏறும்). கொதிக்கு முன் 1.042 இருக்க வேண்டும். சக்கையிலிருந்து ஒரு முழு மணியை எடுத்துக் கடித்தேன், நடுவில் வெள்ளை மாவு. அப்படியே விட்டிருந்தால் நாலு சதவீத ஆல்கஹால் உள்ள சாதுவான பீர் மேல் அத்தனை ஹாப்பும் ஏறி உட்கார்ந்து, வெறும் கசப்புக் கஷாயமாகியிருக்கும். பழைய ஸ்டாக்கில் ஒரு பவுண்டு மால்ட் பவுடர் (மால்ட்டின் சர்க்கரைச் சாற்றை உலர்த்தியது) கிடந்தது, கொதியில் கரைத்தேன். கடைசியில் 1.050. தப்பித்தேன்.

தண்ணீரைப் பற்றிக் கிட்டின் தாளில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் போர்ட்லண்டுக்கு வரும் புல் ரன் தண்ணீர் மிகவும் மென்மையானது, தாது உப்பு குறைவு. அதில் ஜிப்சம் என்ற தாது உப்பைக் கொஞ்சம் சேர்க்காவிட்டால் ஹாப்பின் கசப்பு மழுங்கிவிடும். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் வேறு. அதை முறிக்கக் கால் கேம்ப்டன் மாத்திரை போதும், சில பைசா சமாச்சாரம். அதைக் கிட்டில் போட என்ன கேடு?

என் பெரிய குறை அந்தத் தாள்தான். 'ஏழாம் நாள் ஹாப் போடவும், பத்தாம் நாள் பாட்டிலில் அடைக்கவும்' என்கிறது. இட்லி மாவைக் கடிகாரம் பார்த்தா பொங்கிற்று என்கிறோம்? என் பேஸ்மென்ட் 16 டிகிரி. ஈஸ்ட் தூங்கித் தூங்கி வேலை செய்தது. பத்தாம் நாள் அளந்தால் 1.018, அதாவது சர்க்கரை இன்னும் மிச்சம். அன்றைக்கே, நுரைக்காகப் போடும் சர்க்கரையும் போட்டு அடைத்திருந்தால், உள்ளே வாயு கூடி பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்திருக்கும். புதிதாகச் செய்கிறவர் யாராவது தாளை நம்பியிருப்பார்களே என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் பதினைந்தாம் நாள் 1.011 பார்த்து, அதன் பிறகே காஸ்கேட்டைப் போட்டு, நாலு நாள் கழித்து அதே எண் நிற்கிறதா என்று சரிபார்த்துத்தான் அடைத்தேன்.

இடையில் பெரியம்மா போனில், "வீட்டுலயே சாராயம் காய்ச்சுறியாமே, போலீஸ் வராதா?" என்றார். "காய்ச்சலை பெரியம்மா, புளிக்க வைக்கிறேன். ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருஷம் 200 கேலன் வரைக்கும் அரசாங்கமே விட்டுருக்கு. 1978லயே கார்ட்டர் கையெழுத்துப் போட்டாச்சு." அவர் 200 கேலன் எத்தனை குடம் என்று கேட்டார்.

பீர் நன்றாக வந்தது. தேன் நிறம், மேலே வெள்ளை நுரை, முதலில் பம்ப்ளிமாஸ், பின்னால் லேசாகப் பைன் பிசின், தொண்டையில் நிற்காத கசப்பு. ஆனால் அதில் பாதிப் பெருமை என் மால்ட் பவுடருக்கு. சொந்த அரவை ஆலையும் ஹைட்ரோமீட்டரும் இருந்தால், 'அரைக்காமல்' என்பதை டிக் செய்து இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்க் கண்முன்னே அரைத்து வாங்குங்கள்.

தட்டில் பரப்பிய தானியத்தைப் படம் பிடித்துக் கடைக்கு அனுப்பினேன். மன்னிப்போடு 5 டாலர் கூப்பன் வந்தது. மாதக் கடைசிக்குள் செலவழிக்க வேண்டுமாம்.