ஆற்றங்கரை ஊருக்குப் பூ அனுப்ப: பெட்டியில் வரும் ரோஜாவா, கோயில் வாசல் பிச்சியா?

மல்லிகை மொட்டை விடிவதற்கு முன்பிருந்தே பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அது விரிகிறது. மறுநாள் காலையில் நிறம் மாறத் தொடங்கிவிடும். வடக்கே சாதிமல்லி என்று விற்கும் நம் பிச்சி அதைவிடவும் மென்மையானது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் இருக்கும் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ மதினிக்கோ வெளியூரிலிருந்து பூ அனுப்ப நினைப்பவர்கள் இந்த நேரக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விலையும் அலங்காரமும் வாழ்த்து அட்டையும் அதற்குப் பிறகுதான்.

சென்னையிலோ துபாயிலோ இருப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பூங்கொத்து அனுப்பும் இணையதளங்கள் ஒன்று. திருநெல்வேலி நகரத்துப் பூங்கொத்துக் கடைகள் இன்னொன்று. ஊருக்குப் போகிறவரிடம் நாமே வாங்கிக் கொடுத்தனுப்பலாம். இல்லையென்றால் அந்த ஊர்ப் பூக்கடைக்கே போன் செய்யலாம்.

இணையதளத்தில் அம்பாசமுத்திரத்தின் 627401 என்ற பின்கோடைப் போட்டுப் பார்த்தால் சில தளங்கள் உடனே கையை விரித்துவிடும். சில ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்றுக்கொள்வதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆர்டரைத் திருநெல்வேலியில் உள்ள ஏதாவது ஒரு கடைக்குக் கைமாற்றிவிடுவது. மற்றது, பூவை அட்டைப் பெட்டியில் அடைத்துக் கூரியரில் அனுப்புவது. இரண்டாவது வகைக்குப் பூ ஒரு நாளோ இரண்டு நாளோ பெட்டிக்குள் கிடக்கும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா எல்லாம் நீண்ட பயணத்தைத் தாங்கத் தோதான பூக்கள்தான். ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்கே போகிறது. குளிரிலேயே வைத்து, தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் கார்னேஷன் ஒரு வாரம்கூட நிற்கும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் கூரியர் வண்டிக்குள் அந்தக் குளிர் ஏது?

என் பெரியம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு இப்படி ஒரு நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தோம். கொண்டுவந்தவர் தெரு தெரியாமல் பெரியம்மாவின் போனுக்கே மூன்று முறை அழைத்திருக்கிறார். தெரியாத எண்ணை எடுக்கக் கூடாது என்று நாங்கள்தான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். பூ மறுநாள்தான் வந்தது. இது தனிப்பட்ட ஒருவரின் குறை அல்ல, அந்த முறையிலேயே உள்ள இடைவெளி. இந்த ஊர்களில் கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் வீடு தெரியாது. தேர் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஆற்றுக்குப் போகும் வழியில் மூன்றாவது வீடு, வாத்தியார் வீடு என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இணையதளத்தின் கட்டங்களுக்குள் இந்த விலாசம் அடங்குவதில்லை.

நகரத்துக் கடைகளின் நிலை வேறு. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் நல்ல பூங்கொத்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாளையில் தேவாலயத் திருமணம், பள்ளி ஆண்டுவிழா, ஓய்வுபெறும் ஆசிரியருக்கு விடை கொடுக்கும் கூட்டம் என்றால் அவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் அம்பாசமுத்திரம் திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒரே ஒரு கொத்துக்காக ஓர் ஆளை இருசக்கர வண்டியில் அனுப்பினால் போக்குவரத்துக் கூலியே பூவின் விலையை எட்டிவிடும். அனுப்பியே தீருவது என்றால் ஒரு யோசனை: ஜெர்பராவைக் குறைத்துவிட்டு நிலச்சம்பங்கித் தண்டுகளைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். சம்பங்கி இந்த வெயிலிலேயே வளர்ந்த பூ. தண்ணீரில் நிறுத்தினால் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு மொட்டாகப் பல நாள் விரியும். சாயங்காலத்தில் கூடமே மணக்கும். பெரும்பாலான வீடுகளில் பூச்சாடி இருக்காது, ஆனால் உயரமான பித்தளைச் சொம்பு கட்டாயம் இருக்கும், அது போதும்.

கொடுத்தனுப்புகிற வழியில் பாசம் நிறைய உண்டு, பூவுக்குத்தான் கஷ்டம். கோயம்பேட்டில் விற்கும் மல்லிகையில் ஒரு பகுதி நிலக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து வருவது. தெற்கே பறித்து வடக்கே வந்த பூவை வாங்கி இரவு ரயிலில் மறுபடியும் தெற்கே அனுப்புகிறோம். நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் போய்ச் சேரும்போது அந்த மொட்டுக்கு ஒரு நாளுக்கு மேல் வயதாகியிருக்கும். தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டி வைத்து அனுப்பலாமே என்பார்கள். குளிர் மொட்டு விரிவதைத் தள்ளிப்போடும், அது உண்மைதான். ஆனால் பனிக்கட்டி உருகிய நீர் பூவில் பட்ட இடமெல்லாம் பழுப்பேறும். 2023 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம் – செங்கோட்டை ரயில் அம்பாசமுத்திரம் வழியாகவே போவதால் நெல்லையில் இறங்கி பஸ் மாறும் அலைச்சல் அந்த ரயில் ஓடும் நாட்களில் மிச்சம். ஆனால் பூவின் வயது அதனால் குறைந்துவிடாது. சென்னையிலிருந்து கொடுத்தனுப்பியே ஆக வேண்டும் என்றால் கனகாம்பரம் கொடுத்தனுப்புங்கள். மணம் இல்லை, ஆனால் இலேசானது, சட்டென்று வாடாது. வெற்றிலையையும் சேர்த்து வைத்தால் வாங்குகிறவர்களுக்குக் குறையாகத் தோன்றாது.

மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒருவர் பகலில் கிளம்பி வருகிறார் என்றால் நிலைமையே மாறிவிடுகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். நாகர்கோவிலை ஒட்டிய தோவாளைச் சந்தை அதற்குக் குறைந்ததல்ல. விடியற்காலையில் கூடும் அந்தச் சந்தையிலிருந்துதான் கேரளத்துக்கும் பூ போகிறது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கோத்து, மணிகள் பதித்ததுபோல் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை வேண்டும், நாகர்கோவிலில் உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்றால், அவரைக் கேட்டு அந்த மாலைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதைவிடச் சிறந்த பரிசு எனக்குத் தெரியவில்லை.

மற்ற நாட்களுக்கெல்லாம் ஊர்ப் பூக்கடைதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. சங்கரன்கோவில் சந்தையிலிருந்தும், மானூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், தோவாளையிலிருந்தும் வரும் உதிரிப்பூ காலையிலேயே இந்த ஊர்களை எட்டிவிடுகிறது. கோயில் வாசலிலோ கடைத்தெரு முக்கிலோ பூக்கார அக்கா உட்கார்ந்து கட்டத் தொடங்கும்போது மொட்டு இன்னும் மூடித்தான் இருக்கும். நூலில் கட்டிய பூவைவிட வாழைநாரில் கட்டிய பூ நீண்ட நேரம் வாடாமல் இருக்கும், ஏனென்றால் நனைத்த நார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தாமிரபரணிக் கரை முழுக்க வாழைத்தோட்டம் இருக்கும்போது நாருக்குப் பஞ்சமில்லை. கட்டி முடித்த சரத்தை வாழையிலையில் சுருட்டிக் கொடுப்பார்கள். இத்தனை பொருத்தமாகப் பூவைப் பொதிய எந்தப் பெட்டியாலும் முடிந்ததில்லை.

கடையின் எண் இணையத்தில் கிடைக்காது. பக்கத்து வீட்டாரிடமோ பால் ஊற்றுபவரிடமோ கோயில் அர்ச்சகரிடமோ கேட்டால் கிடைத்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே பேசிவிடுங்கள். இன்னார் வீட்டுக்கு, பிச்சி இத்தனை முழம், மல்லிகை இத்தனை முழம், மொட்டாகவே நெருக்கிக் கட்டி நாலு மணிக்குள் சேர்த்துவிடுங்கள் அக்கா என்று சொன்னால் போதும். வீடு அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் தலைக்கு எவ்வளவு, சாமிக்கு எவ்வளவு என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பணத்தை ஜிபேயில் போட்டுவிடலாம். அக்காவிடம் அந்த வசதி இல்லையென்றால் பக்கத்துத் தேங்காய்க் கடை அண்ணாச்சியின் எண்ணைத் தருவார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கென்று பத்து, இருபது ரூபாய் சேர்த்து அனுப்புவது மரியாதை.

குறைகளும் இல்லாமலில்லை. முழம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ரசீது கிடையாது. பூ போய்ச் சேர்ந்த படம் உங்கள் போனுக்கு வராது, அம்மாவே கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. வாழ்த்து அட்டை வைக்க முடியாது. அவசரக் கூட்டத்தில் காலையில் மிஞ்சிய பூவைக் கலந்து கட்டுவதும் சில இடங்களில் நடக்கும். ஆனால் ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் இந்தக் கடைசிக் குறை தானாகவே போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பூ போட்டுவிட்டு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வழக்கம் இங்கே பல கடைகளில் உண்டு. பிறந்தநாளுக்கு ஒரே தடவை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொத்து அனுப்புவதைவிட, அதே பணத்தில் மாதக்கணக்கில் வெள்ளிதோறும் பூ போகச் செய்வதே மேல் என்பேன். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் என்றால் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்குத் துளசி மாலையும் சேர்த்துச் சொல்லி வைக்கலாம்.

அப்பா இல்லாத வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பூ அனுப்புவதா என்று பலர் தயங்கி, பழக்கூடையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐம்பது வருடம் பூ வைத்துப் பழகிய ஒருவரின் வீட்டுக்கு ஒரே நாளில் பூ வருவது நின்றுபோகிறது. அம்மாவிடமே கேளுங்கள். சூடிக்கொள்வேன் என்றால் யாருடைய பேச்சையும் பொருட்படுத்தாமல் பிச்சியை அனுப்புங்கள். வேண்டாம் என்றால் சாமி படத்துக்கும் அப்பா படத்துக்குமாகக் கட்டிய சரத்தை அனுப்புங்கள். இந்த வேறுபாட்டைப் பூக்கார அக்காவிடம் சொன்னால் அவர்களே அதற்கேற்பக் கட்டித் தருவார்கள். இணையதளத்தில் இதைச் சொல்ல இடமில்லை.

துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு நடந்த வீட்டுக்கு, பூங்கொத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். ரோஜா மாலையோ சம்பங்கி மாலையோ உள்ளூர்க் கடையில் சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லிச் சாத்த ஓர் உறவினரை ஏற்பாடு செய்யுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் அப்படியே. அன்றைக்குத் தேவை உதிரிக் கேந்தியும் (செண்டுமல்லி) கோழிக்கொண்டையும்தான். இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்காவிட்டால் கிடைப்பது சிரமம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தூரத்திலிருந்து எதையும் அனுப்பாமல் இருப்பதே நல்லது. மார்கழி பிறந்த பிறகும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை விளைச்சல் குறையும். பொங்கலும் தை முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்ள, கோடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், சில நாட்களில் இரண்டாயிரத்தையும் தாண்டியதுண்டு. அந்த நாட்களில் பூக்கார அக்காவிடம் பேரம் பேச வேண்டாம், அவர்கள் வாங்குவதே அந்த விலைக்குத்தான். மல்லிகையை இரண்டு முழத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குக் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டச் சொல்லுங்கள்.