சாய்வு-வெட்டுத்துண்டா, புள்ளி-சாய்வா? போர்வெல் கணக்கில் ஒரு பலப்பரீட்சை

கோபியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த வருடம் நேர்கோட்டின் சமன்பாடு வந்ததும் வழக்கமாக முதலில் வரும் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவத்தை (y = mx + c; m சாய்வு, c கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்) விட்டுவிட்டுப் புள்ளி-சாய்வு வடிவத்தை (y − y₁ = m(x − x₁); கோட்டில் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்குவது) முதலில் நடத்தினேன். சாய்வு-வெட்டுத்துண்டுதானே சுலபம் என்று கேட்ட பெற்றோருக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் விரிவாக.

சாய்வைப் பற்றிச் சண்டையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும்போது, மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓரடி உயரும். சாய்வு 1/12. எந்த வடிவத்தில் எழுதினாலும் அது அதேதான். கணக்கை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் வடிவங்கள் பிரிகின்றன.

சாய்வு-வெட்டுத்துண்டு பூச்சியத்திலிருந்து தொடங்கும். பூச்சியத்துக்கு அர்த்தம் இருக்கிற கணக்கில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு ஸ்கிரீன் செய்ய 1,500 ரூபாய், அப்புறம் பீசுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு = 6 × பீஸ் + 1,500. ஒரு பீஸ்கூட அடிக்காவிட்டாலும் ஸ்கிரீன் காசு போனது போனதுதான். அந்த 1,500தான் வெட்டுத்துண்டு. பையன்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

போர்வெல்லுக்கு வாருங்கள். நம் பக்கம் போர் போட்டவர்களுக்கு ரேட் பேசும் விதம் தெரியும்: 300 அடி வரை ஒரு ரேட், கீழே போகப் போக அடி ரேட்டும் ஏறும், கேசிங் பைப் (துளை இடியாமல் தாங்கும் குழாய்) தனி. 300 வரை அடிக்கு 100 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 110 என்று வைப்போம். 300ஐத் தாண்டிய பிறகு, செலவு = 30,000 + 110 × (ஆழம் − 300). இதுதான் புள்ளி-சாய்வு. வண்டிக்காரரும் இதையேதான் சொல்வார்: “முந்நூறு வரைக்கும் முப்பதாயிரமுங்க, அதுக்கு மேல அடிக்கு நூத்திப்பத்துங்க.” இதையே விரித்து எழுதினால் 110 × ஆழம் − 3,000. விடை ஒன்றுதான். ஆனால் அந்தக் கழித்தல் 3,000 யார் யாருக்குக் கொடுத்த காசு? பூச்சியம் அடியில் இந்த ரேட்டே கிடையாது.

இதுகூடப் பரவாயில்லை. என்னை முழுசாகப் புள்ளி-சாய்வு பக்கம் தள்ளியது வருடத்தை வைத்துப் போடும் கணக்குதான். ஒரு தோட்டத்தில் 2014இல் 300 அடியில் இருந்த தண்ணீர் 2024இல் 500 அடிக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். வருடத்துக்கு 20 அடி. சாய்வு-வெட்டுத்துண்டில் எழுதினால், ஆழம் = 20 × வருடம் − 39,980. அதாவது வருடம் பூச்சியத்தில் தண்ணீர் தரைக்கு மேலே 39,980 அடி உயரத்தில் நின்றிருக்கிறது! எவரெஸ்டே 29,032 அடிதான். வகுப்பில் ஒரு பெண் “அப்பப் போரே போட வேண்டியதில்லைங்களே சார்” என்றாள்.

சிரிப்பு போகட்டும், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சாய்வை 20 அல்ல, 20.1 என்று லேசாகத் திருத்துகிறீர்கள். வெட்டுத்துண்டை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். 2024க்கு என்ன வருகிறது? 702.4 அடி. பத்தில் ஒரு அடி மாற்றம் 2024ஆல் பெருக்கப்பட்டு விடையை 200 அடிக்கு மேல் தள்ளிவிட்டது. புள்ளி-சாய்வில் 500 + 20.1 × (வருடம் − 2024) என்று எழுதினால் 2024க்கு 500 அசையாது. 2025க்குப் பத்தில் ஒரு அடிதான் கூடும். அடுத்த வருடம் புதிதாக அளந்தால் புள்ளியை மட்டும் மாற்றினால் போதும். எக்செல் வரைபடத்தில் போக்குக்கோட்டின் (trendline) சமன்பாட்டைக் காட்டச் சொன்னால் அது சாய்வு-வெட்டுத்துண்டில்தான் தரும், அதுவும் எண்களைச் சுருக்கி. வருடத்தை வைத்துப் போட்ட கணக்கில் அதை அப்படியே எடுத்தாண்டால் இதே கதைதான்.

2014ஐப் பூச்சியமாக வைத்தால் சாய்வு-வெட்டுத்துண்டே போதுமே என்று இன்னொரு கணக்கு வாத்தியார் மடக்கினார். போதும்தான். ஆனால் வருடத்திலிருந்து 2014ஐக் கழித்த நிமிடமே அது புள்ளி-சாய்வுதானே!

மற்ற வடிவங்கள் துணைக்கு. இரு புள்ளி வடிவம் சாய்வைக் கண்டுபிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும் புள்ளி-சாய்வுதான். வெட்டுத்துண்டு வடிவம் (x/a + y/b = 1; இரண்டு அச்சுகளையும் வெட்டும் இடங்களை வைத்து எழுதுவது) ஆதிப்புள்ளியை (0, 0) தொட்டுப் போகும் கோட்டுக்கு உதவாது. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படாததால் அங்கே பொது வடிவம்தான் (ax + by + c = 0) கதி.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்ல மழை ஒன்று பெய்தால் தண்ணீர் மேலேறிவிடும். அந்தக் கோடு 2024ஐ ஒட்டிய சில வருடங்களுக்குத்தான் நம்பத் தக்கது, எந்த வடிவத்தில் எழுதினாலும். பதினொன்று, பன்னிரண்டுக்கு நான் எடுப்பதில்லை. அங்கே இந்த வரிசை எவ்வளவு தோதுப்படும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வரைபடத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதும் கேள்விக்கு, கோடு செங்குத்து அச்சை முழு எண்ணில் வெட்டினால், இப்போதும் சாய்வு-வெட்டுத்துண்டைத்தான் போடச் சொல்கிறேன். பரீட்சைத் தாளில் கடைசி வரியைப் பொது வடிவத்துக்கு மாற்றி எழுதச் சொல்வதும் தொடர்கிறது.