கூகுள் எர்த் ப்ரோ: உரோமர் பாசறையைத் தேட ஒரு மென்பொருள்

உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கும் நான், இரண்டு வருடங்களாக மட்டக்களப்பில் என் மடிக்கணினியில், பூமியைச் செய்மதிப் படங்களில் காட்டும் கூகுள் எர்த் ப்ரோவைப் பயன்படுத்தி வருகிறேன். முன்பு வருடத்துக்கு 399 டொலர் அறவிடப்பட்ட இம்மென்பொருள் 2015 ஜனவரி முதல் இலவசமாகக் கிடைக்கிறது. உரோமர்களின் தற்காலிகப் பாசறைகளை மாணவர்களுக்குக் காட்ட இது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

படையெடுத்துச் செல்லும்போது ஓரிரவு தங்குவதற்குக்கூட உரோமர் சுற்றிவர அகழி வெட்டி, அந்த மண்ணையே உட்புறம் அணையாக எழுப்பி, மூலைகளை வளைத்து, விளையாட்டுச் சீட்டின் வடிவில் பாசறை அமைத்தார்கள். எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம். படை புறப்பட்ட பின் எஞ்சிய அகழியும் காலப்போக்கில் உழவில் தூர்ந்துபோனது. ஆனால் தூர்ந்த இடத்தில் மண் ஆழமாக இருந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வறண்ட கோடையில் அதன்மேல் நிற்கும் பயிர் மட்டும் உயர்ந்து பச்சையாக நிற்கும். வயலுக்குள் நிற்பவருக்குத் தெரியாத அந்தக் கோடு விமானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஜே. கே. சென். ஜோசப் 1945 முதல் பல கோடைகளில் பறந்து இவ்வாறே பாசறைகளைக் கண்டறிந்தார். ஸ்கொட்லாந்தின் டுர்னோவில் 1975இல் அவர் கண்டது சுமார் 58 ஹெக்டேயர் பரப்புடையது.

இம்மென்பொருளின் மிகப் பெரிய பலம், பழைய செய்மதிப் படங்களைத் திகதிவாரியாகப் புரட்டும் வசதிதான். படுவான்கரையில் உள்ள எங்கள் வட்டையை, அதாவது வயல்வெளியை, அவ்வாறு பின்னோக்கிப் பார்த்தபோது, ஆவணி மாதத்துப் படமொன்றில் காய்ந்து பழுப்பேறிய நிலத்தின் குறுக்கே விரலளவு பச்சைக் கோடொன்று வளைந்து சென்றது. மாரிகாலப் படத்தில் அது அறவே இல்லை. என் தந்தையாரிடம் காட்டியதும், தாம் சிறுவனாக இருந்தபோது மூடிய வாய்க்கால் அது என்று யோசிக்காமலே சொன்னார். அகழி தூர்ந்தால் பயிர் ஏன் பச்சையாகும் என்பதை இதற்குப் பிறகு மாணவர்களுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது வகுப்பறைக்கு மட்டுமான கருவியன்று. 2023இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கூகுள் எர்த் படங்களிலேயே ஜோர்தானிலும் சவூதி அரேபியாவிலுமாக மூன்று பாசறைகளைக் கண்டதாக வெளியிட்டார்கள். கி.பி. 106இல் அப்பகுதியை ஆண்ட நபாத்திய அரசை உரோமர் கைப்பற்றியதோடு அவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஒன்றுக்கொன்று 37 முதல் 44 கிலோமீற்றர் தூரம் இருப்பதால், காலாட்படை ஒரே நாளில் கடந்திருக்க முடியாது, குதிரையிலோ ஒட்டகத்திலோ சென்றிருக்க வேண்டும் என்பது அவர்களது கருத்து. அளவுகோல் கருவியால் அந்தத் தூரத்தை மாணவர்கள் தாங்களே அளக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லா மாதங்களுக்கும் படம் கிடைப்பதில்லை என்பதையும், எங்கள் பகுதியின் மாரிகாலப் படங்களில் முகில் மறைக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வகுப்பில் ஒருநாள் இணைய இணைப்பு மந்தமாகி, படம் தெளிவதற்குள் பாடவேளையே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வேண்டிய படங்களை முதல்நாள் இரவே சேமித்து எடுத்துச் செல்கிறேன். வரலாறும் புவியியலும் கற்பிப்பவர்கள் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊர் வயலின் கோடைகாலப் படத்தைத் திறந்து, அந்த வயலை உழுத ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.