செகண்ட்ஸில் மேக் வாங்கப் போகும் கல்யாண எடிட்டர்கள் கவனத்துக்கு

பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மதுரைப் பக்கம் சின்ன ஸ்டூடியோ. வேலை முழுக்க விண்டோஸில், எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில்தான். புது சோனி கேமரா வாங்கும்வரை பிரச்சினை இல்லை. அதில் எடுத்த 4கே, 10 பிட், 4:2:2 எச்.265 ஃபைலை (நிற விவரம் அதிகம், இறுக்கமாகச் சுருக்கியது, ஓட்டுவது கஷ்டம்) டைம்லைனில் போட்டதும் என் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. மாப்பிள்ளை தாலியோடு கையைத் தூக்குவார், படம் அப்படியே நின்றுவிடும். கெட்டிமேளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்டவர்கள் எல்லாரும் மேக்குக்கு மாறச் சொன்னார்கள். அது தப்பான யோசனை இல்லை. 2020 கடைசியில் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பிலேயே இந்த வகை ஃபைலை ஓட்டத் தனி வசதி இருக்கிறது. ஆனால் எடியஸ் மேக்கில் கிடையாது. இத்தனை வருட ப்ராஜெக்ட், டைட்டில், எஃபெக்ட் எல்லாம் அதில் கிடக்கிறது. இதையும் விட முடியாமல் அதையும் விட முடியாமல் நின்றபோதுதான் ஒரு செகண்ட்ஸ் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"தம்பி, ஒரே மெஷின்ல ரெண்டும் போட்டுத் தர்றேன். பகல்ல மேக், ராத்திரி விண்டோஸ்" என்றார். எம்1 மேக்புக் ப்ரோ, 8 ஜிபி ரேம், 62,000 ரூபாய். ரேம் பத்துமா அண்ணே என்றதற்கு, "அப்புறமா ஏத்திக்கலாம்" என்றார். பில் கேட்டேன். லெட்டர்பேடில் 'செக் செய்து கொடுக்கப்பட்டது' என்று எழுதி ஒரு கையெழுத்து. சீரியல் நம்பர்கூட இல்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

விண்டோஸ், ரேம், அவர் சொன்ன இரண்டும் பொய். பூட்கேம்ப் என்ற ஆப்பிள் வசதி வழியாக மேக்கில் நேரடியாக விண்டோஸ் போடுவதெல்லாம் இன்டெல் சிப் இருந்த மேக்குகளோடு போயிற்று. எம்1-இல் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு ஏற்றவே முடியாது. அவர் போட்டுக்கொடுத்தது மேக்குக்குள்ளேயே ஓடும் ஒரு விண்டோஸ், அதுவும் ட்ரையல். இருக்கிற 8 ஜிபியை இரண்டும் பங்கு போட்டதில், எடியஸில் ஒரு கிளிப்பை இழுத்து வைப்பதற்குள் எல்லாம் நின்றுபோனது. போதாக்குறைக்கு என் ஹார்ட் டிஸ்க்குகள் அத்தனையும் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் ஃபார்மட். மேக் அவற்றைப் படிக்கும், எழுதாது.

சரி, மேக்காக மட்டுமாவது வைத்துக்கொண்டு டாவின்சி என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைப் பழகலாம் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக செட்டப் செய்தேன். வைஃபை கொடுத்ததும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஒரு திரை. இந்த மெஷின் இன்ன கம்பெனியின் நிர்வாகத்தில் இருக்கிறது என்று போட்டிருந்தது. கம்பெனிகள் ஊழியருக்குக் கொடுக்கும் மேக்கை அதன் சீரியல் நம்பரோடு ஆப்பிளிடம் பதிந்து வைக்கின்றன. டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அந்தப் பதிவு போகாது. அந்தக் கம்பெனியே விடுவித்தால்தான் உண்டு. கடையில் அதை மறைத்து விற்றிருக்கிறார்கள்.

அதனால் வாங்குபவர்கள் கடையிலேயே, உங்கள் கண் முன்னால், மெஷினை முழுக்க அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, டெஸ்க்டாப் வரும்வரை நின்று பாருங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். "டேட்டா போயிடும் தம்பி" என்று இழுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், அந்த லெட்டர்பேடு தாளை வைத்துக்கொண்டு என்ன நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்கு மேக்கே தேவைப்பட்டிருக்காது. அந்த 4:2:2 ஃபைலை 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் சிப்பில் உள்ள கிராபிக்ஸே ஓட்டிவிடும். என்னிடம் இருந்தது 9-ஆம் தலைமுறை. ப்ராசஸரும் மதர்போர்டும் மாற்றியதில் 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது அதே எடியஸில், அதே தாலி கட்டு, தங்குதடையில்லாமல் ஓடுகிறது.

கடைக்காரர் 25,000 ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டு, திரையில் வந்த அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், விடுவித்துத் தருவார்கள் என்ற நம்பிக்கையில். இரண்டே வரியில் பதில் வந்தது. சீரியல் நம்பரை அனுப்பவும், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தெரிவிக்கவும். அதை அப்படியே கடைக்காரருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் என் ஃபோனை எடுப்பதில்லை.