பாக்கா, பகானினியா, கீரவாணியா? மலையகத்தில் மெட்டல் கிட்டார் பழகுபவருக்கு எது முதலில்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் எலக்ட்ரிக் கிட்டார் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பாடசாலையில் சரளி வரிசையாவது பாடியவர்கள். மெட்டலில் வரும் அந்தக் கிளாசிக்கல் வாசனை வேண்டுமென்றால் மூன்று வழி உண்டு. ஒன்று ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்: டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோரும் ஒஸி ஒஸ்போர்னிடம் வாசித்த ரண்டி ரோட்ஸும் போன வழி. இரண்டு இத்தாலிய வயலின் மேதை பகானினி: 1984இல் ‘ரைசிங் ஃபோர்ஸ்’ தொகுப்போடு கிளம்பிய சுவீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீனின் வழி. மூன்றாவது, ஏற்கெனவே காதில் இருக்கும் கர்நாடக சங்கீதம்.

ஸ்கேல் மட்டும் போதுமென்றால் மூன்றாவதுதான் லாபம். மால்ம்ஸ்டீனின் ஹார்மோனிக் மைனர் நம்முடைய கீரவாணி, 21ஆவது மேளம். அதைப் பஞ்சமத்திலிருந்து கிரகபேதம் செய்தால் (பஞ்சமத்தையே சட்ஜமாக வைத்தால்) வகுளாபரணம். மெட்டல்காரர்கள் ஃப்ரிஜியன் டொமினன்ட் என்பது அதைத்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ராகத்துக்கு அடியில் ஒரே சுருதி நிற்கும். மெட்டலில் அடியில் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) நகரும். இ-யைச் சட்ஜமாக வைத்தால் காகலி நிஷாதம் டி ஷார்ப். கோர்ட் பி மேஜருக்கு மாறியதும் அதே டி ஷார்ப் அந்தக் கோர்ட்டின் மூன்றாம் சுரமாகிவிடுகிறது. பழக்கதோஷத்தில் அதைக் கமகத்தோடு அசைத்தால் ராக பாவம் வராது, சுருதி விலகியதாகத்தான் கேட்கும். எந்தக் கோர்ட்டில் எந்தச் சுரம் ஆடாமல் நிற்க வேண்டும் என்பது கீரவாணியில் இல்லாத பாடம். அது பாக்கிடம் இருக்கிறது.

தொடங்குவதற்கு அவருடைய இ மைனர் பூரே என்ற நடன இசைத் துண்டு (பாக் படைப்புப் பட்டியலில் பிடபிள்யூவி 996) போதும். முதல் மூன்று அடிகளை மட்டும் பாருங்கள்: முதலாம் கம்பி திறந்தபடி, ஆறாம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட்; பிறகு இரண்டிலும் 2ஆம் ஃப்ரெட்; பிறகு முதலாம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட், ஆறாம் கம்பி திறந்தபடி. மேல் குரல் ஏறும்போது கீழ்க் குரல் இறங்குகிறது. இதைப் பிக்கால் மட்டும் அடிக்க முடியாது. கீழ்க் கம்பிக்குப் பிக், மேல் கம்பிக்கு நடுவிரல் அல்லது மோதிர விரல். கெயினை (டிஸ்டோர்ஷன் அளவை) கூட்டிவைத்து வாசித்தால் கூழாகிவிடும். டிஸ்டோர்ஷனில் இரண்டு சுரம் சேரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகள் பிறக்கும். பவர் கோர்ட்டில் (சட்ஜமும் பஞ்சமமும் மட்டும்) அவை பொருந்திவிடும், மூன்றாம் சுர இடைவெளியில் உரசும். கிட்டாரின் வொல்யூம் குமிழை ஐந்துக்குக் குறைத்தாலே பாதி தெளிந்துவிடும்.

பூரே கைக்கு வந்ததும் இ மைனர், ஏ மைனர், டி, ஜி, சி, எஃப் ஷார்ப் டிமினிஷ்ட், பி, மறுபடி இ மைனர் என்ற சுற்றை ஒவ்வொரு கோர்ட்டாகப் பிரித்து வாசியுங்கள். 1972இன் ‘ஹைவே ஸ்டார்’ பாடலில் பிளாக்மோரின் தனி வாசிப்பு காதில் பிடிபடத் தொடங்கும். ரோட்ஸ் இதில் இன்னும் தீவிரம். தாயார் நடத்திய இசைப் பள்ளியில் வளர்ந்தவர். சுற்றுப்பயணத்தில் போன ஊர்களிலும் கிளாசிக்கல் கிட்டார் ஆசிரியரைத் தேடிப் பாடம் எடுத்தார். 1982இல் 25 வயதில் போய்விட்டார்.

பகானினி வழி கண்ணைப் பறிக்கும், கையை ஒடிக்கும். தொலைக்காட்சியில் கிடோன் கிரெமர் வாசித்த பகானினியின் கப்ரீஸ்கள் (தனி வயலின் துண்டுகள்) தான் மால்ம்ஸ்டீனை இந்தப் பக்கம் இழுத்தன. ஆனால் வயலின் கம்பிகள் ஐந்தாம் சுர இடைவெளியில் இருப்பவை, கிட்டாரில் பெரும்பாலும் நான்காம் சுரம். வயலினில் கைக்குள் அடங்கும் ஆர்பெஜியோ (பிரித்து வாசிக்கும் கோர்ட்) இங்கே ஃப்ரெட் தாவ வைக்கும். (பகானினி நல்ல கிட்டார்காரரும்கூட, கப்ரீஸை மட்டும் வயலினுக்கு எழுதிவைத்து நம்மைச் சோதிக்கிறார்.) ஸ்வீப்புக்கு (பிக்கை ஒரே வீச்சில் கம்பிகள்மேல் இழுப்பதற்கு) ஏ மைனரின் சின்ன வடிவம் போதும்: முதலாம் கம்பி 12, 8; இரண்டாம் கம்பி 10; மூன்றாம் கம்பி 9. மெட்ரோனோம் 60, தட்டுக்கு நான்கு சுரம். அடித்த விரலை உடனே தளர்த்தாவிட்டால் சுரங்கள் ஒட்டிக் கோர்ட்டாக ஒலிக்கும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

தோட்ட லயன் வீடுகளில் சுவருக்கு அப்பால் அடுத்த வீடு என்பதால் பலர் அம்ப் இல்லாமலே பழகுகிறார்கள். பாக்குக்கு அது பரவாயில்லை. ஸ்வீப்புக்கு ஆபத்து: அடக்காத கம்பிகளின் இரைச்சல் அம்ப் இல்லாமல் கேட்காது, மேடையில்தான் வெளியே வரும். ஹெட்ஃபோன் போட்டு, கெயின் வைத்தே பழக வேண்டும்.

ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘மார்ஸ்’ இசையிலிருந்து பிளாக் சபாத் குழுவுக்கு வந்த வழியும் உண்டு. 1970இல் வந்த அவர்களின் பெயர்ப் பாடலில் மொத்தமே சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

எங்கள் தீர்ப்பு: சுரத்துக்குக் கீரவாணி, கோர்ட்டுக்குப் பாக், இரண்டும் நின்ற பிறகே பகானினி. மால்ம்ஸ்டீன் போல ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுக்க ஓடாதீர்கள். கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியா மூடுபனியில் கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும், துருவில் விரல் வழுக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள்.