முனையத் திரையில் தமிழ்: என்கர்சஸ் அகல எழுத்து நூலகத்துடன் பல ஆண்டுகள்

தமிழ்ச் சொல்தொகுப்பு ஒன்றைப் பராமரிப்பதற்காகச் சி மொழியில் எழுதிய ஒரு நிரலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொகுப்பு தொலைவிலுள்ள சர்வரில் இருப்பதால், தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சென்று, எழுத்துகளை மட்டும் காட்டும் முனையத்திலேயே தேடவும் திருத்தவும் வேண்டியிருக்கிறது. திரையைக் கையாளும் பொறுப்பை, முனையத் திரைக்கான ஆயத்த நிரல்தொகுப்பான என்கர்சஸ் நூலகத்தின், பல பைட் எழுத்துகளையும் கையாளும் அகல எழுத்து வடிவத்திடம் ஒப்படைத்திருக்கிறேன்.

தொடக்க ஏற்பாடு சிறியதுதான் என்றாலும் அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. திரையைத் தொடங்குவதற்கு முன்பே மொழி, எழுத்துமுறை அமைப்பை (லொகேல்) நிரலுக்குத் தரும் செட்லொகேல் அழைப்பு நடந்திருக்க வேண்டும். பயனரின் லொகேல், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இருக்க வேண்டும். நிரலை இணைக்கும்போது பெயரின் இறுதியில் டபிள்யூ சேர்ந்த நூலகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும் ஒரு தமிழ்க் குறி, பொருளற்ற துண்டுகளாகத் திரையில் சிதறும்.

திரையில் பெட்டி வரையும் சட்டக் கோடுகளுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. 1978இல் வந்த விடி100 முனையம், வேறோர் எழுத்துத் தொகுதிக்கு மாறித்தான் கோடுகளை வரைந்தது. இன்று யுடிஎஃப்-8 நிலையில் அந்த மாற்றக் கட்டளையைப் பொருட்படுத்தாத முனையங்களில், கிடைக்கோடு இருக்க வேண்டிய இடம் முழுவதும் கியூ என்ற ஆங்கில எழுத்தே வரிசையாக நிற்கும். என்கர்சஸ்_நோ_யுடிஎஃப்8_ஏசிஎஸ் என்னும் சூழல் மாறியை 1 என அமைத்தால், நூலகம் யூனிகோடின் கோட்டு எழுத்துகளையே நேரடியாக அனுப்பும். எனக்கு அது போதுமானதாக இருந்து வருகிறது.

உண்மையான சிக்கல் அகலத்தில் இருக்கிறது. முனையத் திரை சம அளவுள்ள கட்டங்களால் ஆனது. சீன, ஜப்பானிய எழுத்துகள் இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்ளும் என்பதில் பெரும்பாலும் குழப்பமில்லை. தமிழுக்கு அத்தகைய தெளிவு கிடைக்கவில்லை. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: படிப்பவருக்கு அது மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, நினைவகத்தில் 15 பைட், லினக்ஸில் சி மொழிக்கான கிளிப்சி நூலகத்தின் அகலக் கணக்கில் நான்கு கட்டம். சி மொழியில் அச்சிட உதவும் பிரிண்ட்எஃப் மூலம் 20 இடம் ஒதுக்கினால், அது பைட்டுகளை எண்ணி ஐந்து இடைவெளிகளை மட்டும் சேர்க்கிறது. அடுத்த பத்தி (நெடுவரிசை) 20 கட்டம் தள்ளி வராமல், ஒன்பது கட்டம் தள்ளியே தொடங்கிவிடுகிறது. ஆகவே அகலத்தை, ஒரு சொல்லின் கட்ட எண்ணிக்கையைத் தரும் டபிள்யூசிஎஸ்விட்த் கொண்டு அளந்து, இடைவெளிகளை நானே நிரப்புகிறேன்.

அந்த அளவையும் முழுமையாக நம்ப முடிவதில்லை. யூனிகோடின் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள். இகரக் குறியோ இடம் பிடிக்கும் குறி. அதனால் 'கீ' ஒரு கட்டத்திலும் 'கி' இரண்டு கட்டங்களிலும் அடங்குகின்றன. 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இரண்டு கட்டம்; கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் மூன்று. இக்காரணத்தால் கோப்பைப் படிக்கும்போதே எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவது அவசியம் என்று கருதுகிறேன். தமிழை அறிந்த எவரும் இப்படி அளக்க மாட்டார் என்பதும், இந்தக் கணக்கே பல கருவிகளின் அடித்தளமாக அமைந்துவிட்டது என்பதும் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன.

நூலகத்தின் கணக்கும் முனையத்தின் கணக்கும் ஒத்துப்போனால், விதி விசித்திரமாக இருந்தாலும் திரை ஒழுங்காகவே இருக்கும். வேறுபட்டால்தான் கெடுகிறது. என்கர்சஸ் திரையின் பிரதியொன்றை நினைவில் வைத்துக்கொண்டு, மாறிய இடங்களை மட்டுமே அனுப்புகிறது; மெதுவான இணைப்பில் இது பெரிய நன்மை. ஆனால் முனையம் ஒரு கட்டம் குறைவாக நகர்ந்திருந்தால், அடுத்த மாற்றம் தவறான இடத்தில் விழுந்து, பழைய சொல்லின் கால்களும் கொம்புகளும் புதிய சொல்லின் அருகே ஒட்டிக்கொள்கின்றன. சுட்டியை (அடுத்த எழுத்து விழும் இடத்தை) நகர்த்தும் அழைப்பைப் பத்திதோறும் கொடுப்பதும் முழுத் தீர்வாகாது. ஏனெனில், சுட்டி இருக்குமிடம் பற்றிய தன் கணிப்பை வைத்தே நூலகம் குறுக்குவழியைத் தேர்ந்தெடுக்கிறது. எண்களையும் குறிச்சொற்களையும் இடப்பக்கத்தில் வைத்து, தமிழ்ச் சொல்லை வரியின் கடைசிப் பத்தியாக்கியதும், திருத்திய வரியை முழுமையாக மீண்டும் வரையச் செய்ததுமே எனக்கு நிலையான பலன் தந்தன. வலப்பக்கச் சட்டக் கோட்டையும் அப்போதே நீக்கிவிட்டேன்; அதன் இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு கட்டத்தில் ஓர் அடிப்படை எழுத்தையும் அதன்மேல் நான்கு இணைகுறிகள் வரையிலும் நூலகம் வைத்துக்கொள்ளும். தமிழின் புள்ளிக்கு இது தாராளமானது. அந்த வகையில் இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்கூடச் சிதைந்து சேமிக்கப்படவில்லை என்பதை நூலகத்தின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை முடிவு செய்வது முனையமே. கொம்பை எழுத்துக்கு முன்னே கொண்டுவரத் தெரியாத முனையத்தில், புள்ளிவட்டத்துடன் அது தனித்து நிற்கும். பல எழுத்துமுறைகளைக் கருத்தில் கொண்டு உருவான எம்எல்டெர்ம் போன்ற முனையங்களில் வாசிப்பு இயல்பாக இருக்கிறது. வரைகலைச் சூழல் இல்லாத லினக்ஸ் கன்சோலில், எழுத்துரு 512 வடிவங்களுக்குமேல் கொள்ளாது. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வசதியும் அங்கே இல்லை. அங்கே வேலை செய்ய நேரும்போது இந்த நிரலைத் திறப்பதில்லை. சொல்பட்டியலைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு கணினியில் படிக்கிறேன்.